சோபா அளவெல்லாம் சரிதான்

ஏழாவது நிமிடத்தில் காயாரோகணம் எழுந்துவிட்டார்.

மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி என்று அப்போதுதான் பேச்சு தொடங்கியிருந்தது. வழக்கமாக அந்தப் பேச்சு அணையில் ஆரம்பித்து, கல்லணையில் கொஞ்சம் தங்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து அவரவர் வயல் மடைக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு அது கல்லணையைக்கூடத் தொடவில்லை.

"வரேம்ப்பா ரெங்கசாமி. வீட்ல ஒரு வேலை இருக்கு."

"உனக்கா? வேலையா?"

காயாரோகணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பின்னாலேயே மருதையனும் எழுந்தார். பாதிக் காபி டம்ளரிலேயே இருந்தது.

"என்ன மருதையா, நீயுமா?"

"இல்லண்ணே, மாடு கத்துற மாதிரி இருக்கு."

மருதையன் மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிறது.

ரெங்கசாமி தன் புது சோபாவைப் பார்த்தார். மெரூன் நிறம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கைப்பிடி நுனியில் பித்தளைக் குமிழ்கூட உண்டு. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் வந்து நாலு நாளாக, அதில் உட்கார்ந்தவர் யாரும் உட்கார்ந்தபடி இல்லை.

அவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்தவரை உரத்துக்காகவும் கடனுக்காகவும் வாசலில் ஆள் நின்றது. பதவி போன பிறகும் காலை ஏழு மணிக்கு நாலு பேர் தேடி வருகிற வீடு திருவிடைமருதூர் சுற்று வட்டாரத்திலேயே தன்னுடையது ஒன்றுதான் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பிளாஸ்டிக் நாற்காலியில் பதினொரு மணிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள், சோபா வந்ததும் ஓடுகிறார்கள். இப்படியே போனால் வருவதே நின்றுவிடாதா?

சோபா வாங்கச் சொன்னது சிங்கப்பூரில் இருக்கும் மகன் செந்தில்குமார். "அப்பா, வீடியோல பாத்தா வீடு பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி இருக்கு. அம்மாவே போய் நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லட்டும்" என்றான். ரெங்கசாமிக்கு அன்று முறைப் பாசனம் பற்றி முக்கியமான பேச்சு இருந்தது. ஞானாம்பாள் தனியாகக் கும்பகோணத்துக்கு பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பினாள். "சொல்லிட்டு வந்துட்டேன். நம்ம அளவுக்குச் செஞ்சு குடுப்பாங்க" என்றாள். சோபா வந்த அன்றே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

ரெங்கசாமி அவரே உட்கார்ந்து பார்த்தார். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது நிமிடம் நடு முதுகில் ஏதோ ஒன்று, யார் நீ என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது. ஆறாவது நிமிடம் அவரை அறியாமலே முன்பக்கமாக வழுக்கி, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பலகை, ஆணி, பலகை. முதுகில் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"அதென்ன பலாப்பழமா?" என்றாள் ஞானாம்பாள், காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே. "இருக்கறது இருந்துட்டுப் போகட்டும், விடுங்களேன்."

"உனக்கென்ன, நீ அதுல உக்கார்றதே இல்ல."

"எனக்கு எங்க நேரம்?"

அவர் கடைக்குப் போன் போட்டார்.

"வணக்கம் சார், ஷோபனா பேசுறேன், சொல்லுங்க."

"உங்க சோபால மனுஷன் உக்கார முடியலம்மா."

"ஆர்டர் யார் பேர்ல சார்?"

"ஞானாம்பாள்."

தட்டச்சு சத்தம் கேட்டது. பிறகு ஷோபனாவின் குரல் தேன் மாதிரி வந்தது. "ஆர்டர்ல எழுதியிருக்கற அளவுப்படிதான் சார் செஞ்சிருக்கோம். அம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட குடுங்களேன்."

"நான் வீட்டுக்காரன் பேசுறேன். என்கிட்ட சொல்லு."

"அம்மாகிட்டயே சொல்லிடறேன் சார்."

ஞானாம்பாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "ம்... ம்... ஆமாம்மா... நல்லாத்தான் இருக்கு... சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொல்றா?"

"பழகினா சரியாயிடுமாம்."

பழக்கிவிடலாம் என்று ரெங்கசாமி இறங்கினார். முதுகு உறுத்தாமல் இருக்கத் தலையணை வைத்தார். முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் தலையணை ஆளை இன்னும் முன்னால் தள்ள, மருதையன் கையில் காபியோடு சத்தமில்லாமல் தரைக்கு வந்து சேர்ந்தார். டம்ளரைச் சாயவிடவில்லை என்பது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

அடுத்த நாள் முன்னங்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். வழுக்கல் நின்றது. ஆனால் உட்கார்ந்தவர் மல்லாந்த வண்டு மாதிரி பின்னால் சாய்ந்து, கூரையைப் பார்த்தபடிதான் பேச வேண்டியிருந்தது. காயாரோகணத்தை எழுப்ப இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார்கள்.

"ஏம்ப்பா, ஒங்க வீட்டுக்கு வர்றதுக்கு இன்சூரன்ஸ் போட்டுட்டுத்தான் வரணும் போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். ரெங்கசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. செங்கலை உருவி எறிந்தார்.

யோசனை சொன்னவர் மருதையன். "அண்ணே, பழகணும்னா பாரம் ஏத்தணும். ரெண்டு நாள் நல்ல பாரம் கிடந்தா பஞ்சு அமுங்கி வழிக்கு வந்துடும்."

"பாரத்துக்கு எங்க போறது?"

"குறுவைக்கு விதைநெல்லு ஊறப் போட்டிருக்கீங்கல்ல? நாளைக்கு வடிச்சு முளைகட்ட வைக்கணும். சாக்கு எப்படியும் ரெண்டு நாள் எங்கயாவது கிடக்கணும். சோபா மேல கிடக்கட்டுமே!"

ஞானாம்பாள் தன் தங்கை வீட்டு வளைகாப்புக்காகத் தாராசுரம் போயிருந்தாள். இருந்திருந்தால் நடந்திருக்காது. உரச் சாக்கைப் பிரித்து சோபாவின் மேல் விரித்து, ஊறிய விதைநெல்லை ஈரச் சாக்குகளில் கட்டி, நாலு மூட்டையாக அடுக்கி, சூடு பிடிக்க வைக்கோலும் போட்டு மூடினார்கள். சோபா வைக்கோல் போர் மாதிரி ஆனது. எந்த மடையைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிற மூன்று பேர்தான். சோபா முன்பக்கம் சரிந்திருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மூட்டைகளை நாற்றங்காலுக்கு எடுத்துப் போனபோது சோபா ஈரத்தில் ஊறி, முன்னைவிடக் கெட்டியாகியிருந்தது. ஊர் திரும்பிய ஞானாம்பாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாவிட்டால் ரெங்கசாமிக்குக் கூடுதல் பயம்.

நாலாவது நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க. உங்க சாகுபடி."

இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருந்த இடுக்கு முழுக்க நெல் முளைத்திருந்தது. பச்சைப் பசேலென்று, விரற்கடை உயரத்துக்கு.

"நாத்தங்கால்ல கூட இவ்வளவு செழிப்பா வரல" என்றார் ரெங்கசாமி. வாயிலிருந்து வந்துவிட்டது.

செய்தி தெருவைத் தாண்டி வாய்க்காலையும் தாண்டிப் போயிற்று. சோபாவில் நெல் விளைகிறதாம் என்று ஒரு கூட்டம். அதில் பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாதாம் என்று இன்னொரு கூட்டம். "எங்க, நான் உக்காந்து பாக்குறேன்" என்று வராதவர்களெல்லாம் வந்தார்கள். ஒருவர் உட்கார்ந்து நெளிந்து எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்தார். எழுந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்தவர் எப்போது எழுவார் என்று பார்க்க நின்றார்கள். ஞானாம்பாள் பரணிலிருந்து கல்யாணப் பாத்திரத்தை இறக்கினாள். பால்காரரிடம் தினம் இரண்டு லிட்டர் கூடச் சொன்னாள். ஃபில்டர் போதாமல் காபித்தூளை வேட்டித் துணியில் வடிகட்டினாள். அவள் முகத்தை அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் நல்லது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் சோபாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்களும் வந்தார்கள். காயாரோகணத்தின் மனைவி குந்தவை முதலில் வந்தாள். உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நெளிந்தாள். எழுந்தாள். சோபாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏண்ணே, எங்க வீட்டுக்காரரும் இதுலதான் உக்காந்தாரா?"

"ஏழு நிமிஷம்மா. அதுக்கு மேல அவனால முடியல."

"அவராலயே முடியலயா!" என்றாள் குந்தவை. பிறகு, "அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனாள். அரை மணி நேரம் உள்ளே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. வெளியே வரும்போது அவள் கையில் கடையின் போன் நம்பர் எழுதிய துண்டுக் காகிதம்.

அதன் பிறகு மருதையனின் மனைவி. பிறகு எதிர் வீட்டம்மா. எல்லாரும் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், சமையலறைக்குப் போனார்கள், நம்பரோடு வந்தார்கள். ரெங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காகத் தெருவே சேர்ந்து கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கப் போகிறது!

மறுநாள் மீசையை நீவிக்கொண்டு கடைக்குப் போன் போட்டார். "எங்க தெருவுலேர்ந்து போன் வந்துச்சா?"

"நிறைய வந்துச்சு சார். ரொம்ப நன்றி சார்."

நன்றி சொல்கிறாளே! பயந்துவிட்டாள் என்று முடிவு செய்தார் ரெங்கசாமி. "அப்ப ஆள அனுப்பு" என்றார் அதட்டலாக.

ஆள் வந்தார். சுஹைப் என்று பெயர், கடையின் தச்சர். காதில் பென்சில், கையில் அளவு நாடா. இருக்கையின் சரிவை அளந்தார். முதுகுப் பலகையை விரலால் தடவி ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பாவம், அடுத்த வேலைக்கு நேரமாகிறது போல என்று ரெங்கசாமி நினைத்துக்கொண்டார். சுஹைப் நெளிந்தார், வழுக்கினார், எழுந்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"அளவெல்லாம் சரிதாங்கய்யா. நல்லா வந்திருக்கு."

"என்னய்யா நல்லா வந்திருக்கு? உன்னாலயே உக்கார முடியல!"

"அதாங்கய்யா." சுஹைப் இடுக்கில் இருந்த நாற்றைப் பார்த்தார். "இது மட்டும் நாங்க வச்சது இல்லீங்க."

மாற்றித் தர மாட்டோம் என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சமையலறைப் பக்கம் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாற்று மஞ்சளானதும் கூட்டம் குறைந்தது. கடைசியில் பழைய இரண்டு பேர்தான் மிச்சம். அவர்களும் ஒரு வியாழக்கிழமை நின்றபடியே பேசினார்கள்.

"ரெங்கசாமி, தப்பா நெனச்சுக்காத" என்று தொடங்கினார் காயாரோகணம். "நாளைக்கு எங்க வீட்டுக்கு சோபா வருது. குந்தவையே போன்ல சொல்லிட்டா. நான் இத்தனை வருஷமாக் கேட்டும் காதுலயே போட்டுக்காதவ, இப்ப தானா வாங்கறா. இனிமே காலையில எல்லாரும் அங்க வந்துடுங்க. சாய்ஞ்சு உக்காந்து பேசலாம்."

"எங்க வீட்டுக்கும் வருதுண்ணே" என்றார் மருதையன். "ஒரு நாள் அங்க, ஒரு நாள் எங்க வீட்ல. நீங்களும் வந்துடுங்கண்ணே."

நீங்களும்! ரெங்கசாமிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இவ்வளவு காலம் வரவேற்றவர், இனிமேல் போய் உட்காருகிறவர்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஞானாம்பாள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை, "காபியாவது குடிக்கிறீங்களா? நீங்க ஒருத்தர்தானே, கெட்டியா, கள்ளிச்சொட்டா போட்டுத் தரேன்" என்றாள். குரல் வழக்கத்தைவிட மென்மையாக இருந்தது. பாவம், நமக்காக வருத்தப்படுகிறாள் என்று அவர் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. ரெங்கசாமி தன்னந்தனியாக சோபாவில் உட்கார்ந்தார். மேட்டூரில் தண்ணீர் ஏறியிருந்தது. சொல்ல ஆள் இல்லை. நாலாவது நிமிடம் முதுகு உறுத்தியது. ஆறாவது நிமிடம் வழுக்கினார். ஏழாவது நிமிடம் எழுந்தபோது வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது.

முன்பக்கத்திலிருந்து சுஹைப் குதித்தார். பின்னால் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே மெரூன் நிறத்தில், கைப்பிடியில் பித்தளைக் குமிழோடு ஒன்று, அதன் மேல் ஒன்று, பக்கத்தில் இன்னும் இரண்டு.

ரெங்கசாமி வாசலுக்கு ஓடினார். கடைக்காரன் இறங்கி வந்துவிட்டான்! "ஞானம், இங்க வா! சோபாவ மாத்திக் குடுக்க வந்துட்டாங்க!" என்று கத்தினார்.

சமையலறையில் டம்ளர் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

சுஹைப் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "மாத்துறதுக்கு இல்லீங்கய்யா, 'வர்றவங்க பத்து நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிடணும்'னு உங்க வீட்டம்மா சொல்லிச் செஞ்ச அதே அளவுல தெருவுல இன்னும் நாலு வீட்டம்மாங்க கேட்டிருக்காங்க, இதுல காயாரோகணம் வீடு எதுங்க?"