வெள்ளிக்கிழமை அமுக்காத பட்டன்

நகரியில் விசைத்தறி ஓட்டும் வரதராஜனுக்கு, செத்த பிறகு பேச வேண்டும் என்ற ஆசை ஐம்பத்தெட்டாவது வயதில் வந்தது. உயிரோடு இருக்கும்போது பேச வசதிப்படவில்லை. வீட்டுக்குள் நான்கு தறி. அவை ஓடினால் புருசனும் பெண்டாட்டியும் கைஜாடையில்தான் பேசியாக வேண்டும். கைஜாடையில் சோறு கேட்கலாம், மன்னிப்பு கேட்க முடியாது.

இந்தக் குறையைத் தீர்க்கவே திருப்பதியில் ‘அக்கரை ஆன்லைன் சேவை’ திறந்திருந்தார்கள். நாம் பன்னிரண்டு செய்திகள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காலமானதும் முதல் செய்தி உடனே வீட்டுக்குப் போகும். மீதி அமாவாசைக்கு ஒன்று. காலமானது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைதோறும் போனில் ‘உயிருடன் உள்ளேன்’ என்ற பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காதவர் அமரர். பெரிய மனிதர்கள் எல்லாம் சேருகிறார்களாம் என்று கேள்விப்பட்டு வரதராஜனும் சேர்ந்தார்.

ஒரு வியாழக்கிழமை வேண்டுதலுக்காகத் திருமலை போனார். போனைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தவர், தரிசனம் முடித்து லட்டோடு வெளியே வந்தபோது சனிக்கிழமை விடிந்திருந்தது. போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அந்த வாரத்தில் உண்மையாகச் செத்தது அது ஒன்றுதான்.

மத்தியானம் வீடு வந்தால் வாசலில் சாமியானா. தறி நான்கும் நின்றிருந்தன. ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் வராத மச்சினன் மணிவேல், பிச்சாட்டூரிலிருந்து ரோஜா மாலையோடு வந்து அழுதுகொண்டிருந்தான். மொட்டைத் தலையோடு நின்றவரைப் பார்த்து, “மாமா!” என்று அலறினான். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டான்.

மனைவி கன்னியம்மாள் தன் போனில் வந்திருந்த முதல் செய்தியைக் காட்டினாள்.

‘கன்னியம்மா, உன் தம்பி கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு என்னை யாரும் எழுப்பவில்லை என்று சண்டை போட்டேன். அவன் மூன்று தரம் எழுப்பினான். நான்தான் தூங்கினேன். ஒன்பது வருடம் உன்னை அந்த வீட்டு வாசல் மிதிக்க விடாதது என் தப்பு.’

வரதராஜனுக்கு வெட்கத்தில் மொட்டைத் தலை வரை வியர்த்தது. இன்னும் பதினொன்று இருக்கிறதே என்று பயந்து திங்கட்கிழமையே திருப்பதி ஆபீசுக்கு ஓடினார். அங்கே கோகுலகிருஷ்ணன் என்பவர் மரணோத்தரத் தொடர்பு அதிகாரியாக வீற்றிருந்தார்.

“சார், நான் உயிரோட கீறேன்.”

“நான் பார்க்கறேன் சார். சிஸ்டம் பார்க்கலையே.”

“அந்தப் பட்டனை இப்ப அமுக்கிடறேன்.”

“குதரது சார், முடியாது. செத்தவங்களுக்குப் பட்டன் வேலை செய்யாது. செஞ்சா ஆளாளுக்கு அமுக்கிக்கினு எழுந்து வந்துடுவாங்க.”

“அப்போ புகார் எழுதித் தரேன்.”

“அமரர்கள்கிட்ட புகார் வாங்கறதில்ல. நாமினி கையெழுத்து போடணும்.”

அதற்கென்றே ஒரு படிவம் இருந்தது. ‘அன்னார் காலமாகவில்லை என்பதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.’ நாமினி கன்னியம்மாள்.

வீட்டில் அவள் படிவத்தை நிதானமாகப் படித்தாள். மடித்து அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்தாள்.

“இன்னா மே, கையெழுத்து போடலையா?”

“முப்பது வருசமா உங்களோட குடும்பம் பண்ணிக்கினு கீறேன். செத்த அப்புறந்தான் மனுசனாட்டம் பேசனீங்க. இன்னும் பதினொண்ணு கீதாமே, வந்து முடியட்டும்.”

“அதுவரைக்கும் நான்?”

“இருங்க, யாரு வேணான்னாங்க? துன்னுங்க, தறி ஓட்டுங்க.” அஞ்சறைப்பெட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்: “இல்லன்னா, அந்தப் பதினொண்ணையும் இப்பவே வாயால சொல்லிடுங்க. உடனே போடறேன்.”

தறி ஓடவில்லை. சொன்னால் நன்றாகவே கேட்டிருக்கும். வரதராஜன் எழுந்து போய் நான்கு சுவிட்சையும் போட்டார்.

அடுத்த அமாவாசைக்குள் அந்தத் தெருவில் இன்னும் பதினாலு ஆண்கள் அக்கரை சேவையில் சேர்ந்துவிட்டார்கள். சேர்த்துவிட்டது அவரவர் பெண்டாட்டிமார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பதும் அவர்கள்தான்.