மீசை வைத்த நாத்தனார்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்கு முன்பே "எல்லாம் செட்" என்று சொல்லிவிடுவேன். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறவனுக்கு இது ஒரு தகுதிதான். ஆனால், அக்கா கல்யாணத்தை எடுத்து நடத்துகிறவனுக்கு இது ஆகவே ஆகாது என்பதை ஒரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில், முந்நூறு பேர் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

வாணியக்கா பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். கூட வேலை செய்த பிலிப்பினோக்காரர் ஜோமாரைக் கட்டிக்கொள்ளப் போவதாக, ஈப்போ பக்கம் புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அம்மாவுக்கு நாடோ மொழியோ மதமோ பெரிய விஷயமாகப் படவில்லை (நான்கு நாள் சாப்பிடாமல் படுத்திருந்ததை விட்டுவிடுவோம்). அம்மாவை உறுத்தியது வேறு. ஜோமாருக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே ஒரு தங்கை, அவளும் வளைகுடா நாட்டில் தாதி.

"ஆளே இல்லாத வீட்டுல எப்படிடா பொண்ணக் குடுக்குறது? நாளைக்கு ஒண்ணுன்னா இவளுக்கு யாரு ஓடி வருவா?" என்று என்னிடம் புலம்பினாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். கல்யாணம் அப்பா பிறந்த தோட்டத்துக் கோயிலில் நடக்க வேண்டும். ஒரு சடங்குகூடக் குறையக் கூடாது. மாப்பிள்ளை பக்கம் ஆள் இல்லையே என்று சொந்தக்காரர்கள் வாயைத் திறக்கவே கூடாது.

"நீ பாத்துக்குவியா, குணா?"

"எல்லாம் செட்மா."

உண்மையில் தங்கையைத் தவிர, மாப்பிள்ளை பக்கம் இன்னும் ஐந்து பேர் வருவதாக இருந்தது. மணிலாவில் கல்லூரியில் படித்தபோது ஜோமார் ஒரு சகோதர சங்கத்தில் சேர்ந்திருந்தார். அதில் சேர்கிறவர்கள் சாகும்வரை ஒருவருக்கொருவர் 'பிராட்', அதாவது சகோதரன். ஒருவன் கூப்பிட்டால் மற்றவர்கள் எங்கிருந்தாலும் வந்தாக வேண்டும் என்று சத்தியம் செய்திருக்கிறார்களாம். (எங்கள் ஊரில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவனை வரவழைக்கவே மூன்று முறை போன் போட வேண்டும்.) படிப்பு முடிந்து பத்து வருடங்களுக்குப் பிறகு, ஆளுக்கொரு நாட்டிலிருந்து புறப்பட்டு, ஐவரும் ஈப்போவில் வந்து இறங்கினார்கள். தலைவர் டென்சியோ பள்ளி ஆசிரியர், வழுக்கைத் தலை. ரோமெல் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர், தடித்த மீசை, அதிகம் பேசமாட்டார். மற்ற மூவரும் எந்நேரமும் சிரித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்ததால் யார் யார் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பெரியவர்களின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வது அவர்கள் ஊர் மரியாதை. வாசலில் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராக அம்மாவின் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் வைத்தார்கள். அம்மா பதறிப்போனாள்.

"என்னடா, அஞ்சு பேருக்கும் காய்ச்சலா?"

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜோமாரின் தங்கையிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. விடுமுறை கிடைக்கவில்லையாம், வர முடியாதாம், அழுகிற பொம்மைகள் ஆறு. நான் உடனே செயலில் இறங்கினேன். அதாவது, சமையல்காரருக்குப் போன் போட்டு ஓர் இலையைக் குறைக்கச் சொன்னேன். அந்த விஷயத்தில் என் கடமை அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே அம்மா பூக்கட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாத்தனாருக்கு எல்லாம் சொல்லிட்டியாலா?"

என் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

கல்யாணத்தன்று காலை. அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல வருடமாகிறது, கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பிராட்கள் ஐவரும் தங்கள் நாட்டுக் கல்யாணச் சட்டையில் வந்தார்கள். அன்னாசி நாரில் நெய்தது, விலை உயர்ந்தது, ஆனால் கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரியும். "பாவம், பனியன் அப்படியே தெரியுது. மாப்பிள்ளை பக்கத்துல சட்டை வாங்கிக் குடுக்கக்கூட ஆளில்ல போல," என்று பாக்கியம் அத்தை அம்மாவின் காதுபடவே சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தோரணம் சரியாக இருக்கிறதா என்று மேலே பார்த்தேன்.

முகூர்த்தம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. தாலித் தட்டு எல்லோர் கையிலும் ஆசி வாங்கித் திரும்பி வந்தது. குருக்கள் குரல் கொடுத்தார்.

"நாத்தனார் வந்து பொண்ணுக்குப் பின்னால நில்லுங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் முடிச்சுத்தான் மாப்பிள்ளை போடுவது. மீதி இரண்டையும் மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டும். இருபத்து நான்கு வருடமாகக் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிறேன், இதை ஒரு முறையாவது கவனித்திருக்கிறேனா? முடிச்சுப் போடும் நேரத்தில் நான் எப்போதும் பந்திக்கு இடம் பிடிக்கப் போயிருப்பேன்.

"நாத்தனார் எங்கடா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வரலமா."

"எப்பத் தெரியும்?"

"முந்தாநேத்து."

பாக்கியம் அத்தை எழுந்து, "என் மகள நிக்கச் சொல்லவா?" என்றாள். "பொண்ணு வூட்டு ஆளு எப்படி, அண்ணி, மாப்பிள்ளைக்குத் தங்கச்சியாவா?" என்று அம்மா மறுத்துவிட்டாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் எதற்குப் பயந்தாளோ அது முந்நூறு பேர் எதிரில் நடந்துகொண்டிருந்தது. நடத்தியது நான்.

மணவறையிலிருந்து ஜோமார் என்ன பிரச்சினை என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கீழே பார்த்து, "பிராட்!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தார். ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். விஷயம் என்னவென்றுகூட யாரும் கேட்கவில்லை. டென்சியோ மட்டும் என்னிடம், "என்ன வேலை?" என்றார்.

"கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட வேண்டும்."

மற்ற நால்வரும் ஒரே நேரத்தில் ரோமெலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர் மாப்பிள்ளைக்குச் சகோதர முறை என்று நான் சொன்னதும், குருக்கள் ரோமெலின் மீசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "கூடப்பொறந்த முறைன்னா சரிதான், சீக்கிரம்," என்றார். ஒரு சகோதரனைத் தனியாக விடக் கூடாது என்பது அவர்கள் சங்கத்து விதியாம், அதனால் ஐவருமே மேலே ஏறிவிட்டார்கள். மணவறைப் பலகை முனகியது. நான் ரோமெலின் காதில் அவசரமாகச் சொன்னேன்.

"அவிழவே கூடாது. அவிழ்ந்தால் எங்கள் குடும்ப மானமே போய்விடும்."

"எத்தனை நாள் தாங்க வேண்டும்?"

"ஆயுசுக்கும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கெட்டிமேளம் ஆரம்பித்தது. அட்சதை பறந்தது. ஜோமார் ஒரு முடிச்சுப் போட்டார். ரோமெல் குனிந்து அதைப் பரிசோதித்து, தலையை இடதும் வலதுமாக ஆட்டி, தளர்ந்திருந்த கயிற்றை இழுத்தார். தாலி சரசரவென்று மேலே ஏறி அக்காவின் தொண்டைக்குழியில் வந்து நின்றது. மண்டபமே "ஐயோ" என்றது. பிறகு அவர் சுற்றினார், நுழைத்தார், இறுக்கினார், மறுபடி சுற்றினார். ஒரு நிமிடம் ஆயிற்று, மூன்று நிமிடம் ஆயிற்று. முடிச்சு விழும்வரை கெட்டிமேளத்தை நிறுத்தக் கூடாதே! நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்கிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தார். தவில்காரர் கண்ணாலேயே என்னைத் திட்டினார். எல்லோர் கையிலும் அட்சதை தீர்ந்து, பிள்ளைகள் தரையிலிருந்து பொறுக்கி இரண்டாம் சுற்று எறிந்தார்கள். ஏழாவது நிமிடம் ரோமெல் நிமிர்ந்து, பல்லால் ஒருமுறை கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு (ஆமாம், பல்லால்), "முடிந்தது," என்றார். முகூர்த்தத்தில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அன்று மட்டுமல்ல, மூன்று மாதம்.

மூன்றாம் மாதம் தாலியைப் பிரித்துத் தங்கச் சங்கிலியில் கோக்க நாள் குறித்தார்கள். அத்தைமார் கூடினார்கள். முடிச்சு அசையவில்லை. கொண்டை ஊசி, முள் கரண்டி, விளக்கெண்ணெய் என்று எல்லாம் பார்த்தாயிற்று. தலைவழியாகக் கழற்றலாமென்றால் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல்தான் போகும். பாக்கியம் அத்தை கத்திரிக்கோலை எடுத்தாள்.

"அத உள்ள வைங்க," என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, மூன்று மாத விரதத்தை முறித்தாள். "கூப்பிடு அந்தாள."

நடுக்கடலிலிருந்து ரோமெல் வீடியோவில் வந்தார். அக்காவின் பின்கழுத்தைக் காட்டினோம். அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. "சும்மா அவிழாது. ஆயுசுக்கும் என்றுதானே கேட்டாய்? கப்பல் இரண்டு வாரத்தில் கிள்ளான் துறைமுகத்துக்கு வரும். யாரும் தொடாதீர்கள், நான் வருகிறேன்."

அம்மா நாளைத் தள்ளி வைத்தாள். சொன்னபடி அவர் காலை ரயிலில் ஈப்போ வந்தார், ஒரு துணிப்பையில் கயிறு பிரிக்கும் இரும்பு ஊசியோடு. மாலைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவர் குனிவதற்குள் தானே கையை நீட்டி அவர் நெற்றியில் வைத்தாள்.

ஒரே நிமிடத்தில் முடிச்சு பிரிந்தது. தாலி சங்கிலிக்கு மாறியது. அம்மா அதன் கொக்கியை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள்.

"இந்தக் கொக்கிய நம்ப முடியாதுலா. அதுக்கு மேல நாத்தனார ஒரு முடிச்சுப் போடச் சொல்லு." கொஞ்சம் யோசித்து, "தொறக்கிற மாதிரி," என்றாள்.

நாத்தனார் முறைக்குப் பட்டுப்புடவை வைத்துக் கொடுத்தாள். ரோமெல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு படம் எடுத்து மற்ற பிராட்களுக்கு அனுப்பினார். அவர் ரயில் ஏறிய பிறகு, சமையலறையில் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "கடல்ல இருந்து வந்துருக்கான் பாரு. வாணிக்கு ஆளு இருக்குடா."

இன்றும் தீபாவளிக்கு அவர் பேரில் ஒரு புடவை எடுக்கிறோம். நான் "எல்லாம் செட்" என்று சொன்னால், வீட்டில் யாராவது ஒருவர் உடனே "நாத்தனார் யாரு?" என்று கேட்காமல் விடுவதில்லை.

போன மாதம் தெலுக் இந்தானில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தாயார் தேநீரை நீட்டியபடி, "எங்க புள்ளைக்கு எத்தனை நாத்தனாரு?" என்று விசாரித்தார்.

அம்மா அசரவே இல்லை. "ரெண்டு பேருங்க. ஒருத்தி பினாங்குல இருக்கா. இன்னொருத்தருக்கு மீசை இருக்கு, கப்பல்ல வேலை."

அந்த வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.