தூரத்தில் முதலிடம்

பூமியின் தூரங்களைத் துல்லியமாக அளந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். அப்பாவைப் பார்க்க வரவேண்டிய பிள்ளைகளே.

திங்கட்கிழமை மகளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். இடுப்பில் அடிபட்டுக் கைத்தடியோடு நடக்கும் அப்பாவை இரண்டு வாரம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காக, ஆளுக்கொரு கண்டத்தில் வாழும் அண்ணனையும் தம்பியையும் வீடியோவில் கூப்பிட்டாள். அண்ணன் அதை உடனே ‘குடும்ப ஆலோசனைக் கூட்டம்’ ஆக்கி, தலைமையையும் தானே ஏற்றுக்கொண்டார். பொறுப்பென்றால் அவருக்கு உயிர். கூட்டத்தோடு முடிகிற பொறுப்பு.

மகள் போனை மாத்திரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலில் இருந்த அப்பாவுக்குச் சாக்ஸ் மாட்டினாள்.

“உணர்ச்சிவசப்படாம பேசுவோம். யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க போகணும். அதுதான் நியாயம்,” என்று முன்மொழிந்தார் அண்ணன்.

“கரெக்டுண்ணா. இங்கேருந்து பன்னெண்டு மணி நேரம்,” என்று வழிமொழிந்தான் தம்பி.

“எனக்குப் பதினாலு.”

“நடுவுல இறங்கிக் காத்திருக்கணுமே. அதைச் சேர்த்தா எனக்குப் பதினெட்டு!”

“நான் ரெண்டு இடத்துல இறங்கணும்டா. இருபத்திமூணு!”

“ஏர்போர்ட் போறதுக்குள்ள டிராஃபிக்ல உயிர் போயிடும்ணா.”

“உனக்கு டிராஃபிக்தான். இங்க பனி கொட்டுது. கார் கதவே திறக்கல!”

“எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட்டே வேலை செய்யல.”

இரு விமான நிலையங்களும் கண்ணெதிரே நகர்ந்து நகர்ந்து பூமியின் விளிம்புக்கே போய்விட்டன. நடுவில் மகளுக்கு விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.

கடைசியில் முப்பத்தொரு மணி நேரத்தோடு அண்ணன் ‘ஏகமனதாக’ வென்றார். தோற்றவன்தான் வரவேண்டும். ஆனால் தம்பியின் பாஸ்போர்ட், பாவம், அன்று காலைதான் புதுப்பிக்கப் போயிருந்தது.

“ஆக, எப்படிப் பார்த்தாலும் ரொம்பப் பக்கத்துல இருக்கறது நீதாம்மா,” என்றார் அண்ணன் தங்கையிடம். “அப்பா ரூமுக்கும் உன் ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர்தானே?”

“சரிண்ணா. இப்படித்தான் ஆகும்னு தெரியும். அதான் ஞாயித்துக்கிழமைக்கு அப்பாவுக்கு உங்க ஊருக்கே டிக்கெட் போட்டுட்டேன். உங்க பையன் பிறந்தப்ப எடுத்த விசா இன்னும் இருக்கு. சக்கர நாற்காலிக்கும் சொல்லியாச்சு. எங்கயும் இறங்க வேண்டாம், நேரா வந்துடலாம். பதினாலே மணி நேரம்.”

அண்ணன் திறந்த வாயோடு அப்படியே நின்றுபோனார். இமைகூட அசையவில்லை.

“அண்ணனுக்கு நெட்வொர்க் போச்சு போலக்கா,” என்றான் தம்பி.

“அப்போ உன் ஊருக்கு மாத்திடவாடா? பன்னெண்டுதானே?”

தம்பியும் நின்றுபோனான்.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். மூத்த மகனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆளு அசையல. ஆனா தலைக்கு மேல ஃபேன் சுத்துதே? பனி கொட்டுதுன்னான்?”

இரண்டு முகங்களும் இன்னும் விறைப்பாயின.

“பெட்டியை எடும்மா,” என்றார் அப்பா. “நான் போய் அந்த ஃபேனை நிறுத்திட்டு வரேன். பாவம், பிள்ளை குளிர்ல விறைச்சுப் போயிட்டான்.”