தராசுக்காரரின் வண்டிவீடு

கட்டிய பெண்சாதியின் சிரிப்பைக்கூடத் தராசில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார் என்று சொல்லத்தக்க மனிதர் பதுளையில் ஒருவர்தான்: எங்கள் தெருத் தராசுக்காரர். பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை; சொந்தத்தில் ஒரு தொங்குதராசு வாங்கி வைத்துக்கொண்டார். நாம் வாழைப்பழம் கொண்டுபோனால் முதலில் அது தராசுக்குப் போகும். பிறகுதான் நமக்கு நாற்காலி.

அவர் மனைவி, ஆயுளெல்லாம் மலையில் கொழுந்து பறித்த அக்கா, கடலைப் பார்த்ததேயில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொத்துவில் கடலுக்கு பஸ்லயே போயிட்டு வந்துரலாமே அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி தங்குறது? வீட்டையே இழுத்துக்கிட்டுப் போறேன் பாருங்க!"

இரும்பு வாங்கிப் பற்றவைத்து, கட்டிலும் அடுப்பும் வைத்து, சக்கரம் பூட்டி ஒரு வண்டிவீடே கட்டிவிட்டார். இழுக்க ஒரு கிழட்டு ஜீப்.

பின்னால் பூட்டும் வண்டிக்குத் தனி பிரேக் இல்லையென்றால், ஏற்றிய சாமானோடு சேர்த்து எழுநூறு கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஜீப்பின் புத்தகத்தில் இருந்தது. அது அவருக்கு வேதமாகிவிட்டது. இரும்புச் சட்டம் பற்றவைக்கும் முன்பே தராசேறியது. மெத்தை, கேஸ் சிலிண்டர், தண்ணீர்ப் பீப்பாய், இட்லிப் பானை எல்லாம் தொங்கின. அக்கா ஓர் இஞ்சித் துண்டை எடுத்தாலும், "இந்தா புள்ள, நிறுக்காம ஏத்தாத!" கூட்டினால் எழுநூறுக்குக் கொஞ்சம் கீழே. என்னையும் ஏற்றிக்கொண்டு தேர் போலப் புறப்பட்டார்கள்.

பசறை வீதி ஏற்றத்தில் ஜீப் இருமியது, முனகியது, பிறகு பின்னோக்கி நகர ஆரம்பித்தது. நான் குதித்து வண்டிவீட்டின் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.

"கணக்கு சரியாத்தானே இருக்கு!" என்று அண்ணன் ஜீப்பைக் கோபித்துக்கொண்டார்.

அக்கா இறங்கி வந்தார். "எப்படிங்க நிறுத்தீங்க?"

"எப்பவும் போலதான். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சுட்டு."

தோட்டத்தில் கொழுந்தின் எடையில் கழித்த பழக்கம். கை தானாகக் கழித்திருக்கிறது.

"மெத்தையில ஏதுங்க ஈரம்?"

"பனி, புள்ள."

"அப்ப இரும்புல?"

"துருவுக்குக் கழிச்சேன்."

"பெண்டாட்டி கொழுந்துலயே கழிச்ச மனுசனாச்சே! நான் பொறுத்துக்கிட்டேன். ஏத்தம் பொறுக்குமா?"

"திரும்பிருவோமா?" என்றார் அண்ணன், குரல் இறங்கி. அக்கா ஏற்றத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குமேல் அண்ணனால் தாங்க முடியவில்லை. தராசை மரக்கிளையில் கட்டி, கழிவே இல்லாமல் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தார். பீப்பாய்த் தண்ணீரை வீதியோரத்துத் தண்ணீர்க் கானில் கவிழ்த்தார். சிலிண்டர், அடுப்பு, மெத்தை, கட்டில் எல்லாம் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போயின.

"தராசு எத்தனை கிலோ அண்ணே?" என்று கேட்டேன். தராசை எந்தத் தராசில் போடுவது என்று விழித்தவர், அதையும் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார். ஜீப் ஏறிவிட்டது.

பொத்துவில் போய்ச் சேர்ந்ததும் கடலுக்குள் முழங்கால் நனைய நின்ற அக்கா, கூப்பிடக் கூப்பிட வரவில்லை. கரைக்கு வந்ததும் களைப்பில் வண்டிவீட்டின் வெறும் பலகையிலேயே தூங்கிப்போனார். அண்ணன் மலைநாட்டுக் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து அவர் தலைக்கு வைத்தார். பிறகு, வாசல் வழியே வந்த வெயில் அந்த முகத்தில் விழாதபடி, அது போன பக்கமெல்லாம் இவரும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.