இங்கிலீஷ் குதிரைக்கு நோட்டீஸ் வாசித்த விவரம்

சாலை, திருவனந்தபுரம்,
கொல்லம் ஆண்டு 1110, விருச்சிகம் 12.

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் குற்றாலலிங்கம் பிள்ளை அவர்கள் சமூகத்திற்கு, ஆறுமுகநயினார் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் தங்கள் சகோதரி சொர்ணம்மாளும் சௌக்கியம். திருநெல்வேலியில் இந்த அடைமழையிலும் சளி, இருமல் இல்லாமல் எல்லோரும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"விதுரா நிலத்தில் குதிரை நிற்கிறதாமே, யாரைக் கேட்டு விட்டீர்?" என்று தாங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. அத்தான், நான் யாரையும் கேட்கவில்லை. குதிரை என்று என்னிடமும் யாரும் சொல்லவில்லை. தங்கபாய் என்கிற அம்மாள், புருஷன் இறந்தபின் தானே தொழில் நடத்துகிறவள், போன மேட மாசத்தில் வந்து, "நாலஞ்சு உருப்படி கெட்டதுக்கு எடம் வேணும் சாரே" என்றாள். உருப்படி என்றால் பசுமாடு, கட்டிப்போட இடம் கேட்கிறாள் என்று நினைத்துக் குத்தகைக்கு விட்டேன். முப்பது வருஷம் கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்து, ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டது அது ஒன்றுதான்.

தங்கள் கார்டு கண்டதும், காலி செய்யச் சொல்லி இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் எழுதி எடுத்துக்கொண்டு நெடுமங்காடு வரை பஸ்ஸிலும் அப்புறம் மாட்டுவண்டியிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். பார்த்தால் பதினொரு குதிரை, மலைத்தோட்டங்களுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போக வாடகைக்கு விடுகிறாள். கோபமாகத்தான் போனேன், ஆனால் குதிரையை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை அத்தான். நின்றுகொண்டே தூங்குகிறது. காதை ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாகத் திருப்புகிறது. அது ஏன், இது ஏன் என்று கேட்டுக் கேட்டு, வந்த காரியத்தைச் சொல்லவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் போனக்காட்டுத் தோட்டத்தில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் நெல்லையப்பன், நெடுமங்காட்டில் வாங்கிய மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தான். கூலிகள் குடியிருக்கிற லயத்தில் இருபது பேருக்கு விஷக்காய்ச்சல், சாயங்காலத்துக்குள் கொய்னா மருந்து போய்ச் சேராவிட்டால் ரெண்டு பிள்ளைகள் தாங்காது என்றான். அதற்குள் பத்துக் குதிரை பொன்முடிக்குக் கிளம்பிப் போய்விட்டது. மிச்சம் ஒரு வெள்ளைக் குதிரை. பெட்டியை ஏற்றினார்கள், அவனையும் ஏற்றினார்கள். குதிரை அசையவில்லை. தட்டினார்கள், இழுத்தார்கள், வெல்லம் காட்டினார்கள். வெல்லத்தைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றது.

"சாரே, இது ஒரு துரைகிட்ட வளந்த குதிரையாக்கும். தமிழும் கேக்காது, மலையாளமும் கேக்காது. சார் இங்கிலீஷ் படிச்ச ஆளல்லியா, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் தங்கபாய்.

குதிரையிடம் என்ன சொல்வது? பையிலிருந்த நோட்டீஸை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். இரண்டாவது வரியில் காலைத் தூக்கிவைத்தது. நிறுத்தினேன், நின்றது. வாசித்தேன், நடந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சத்தத்துக்கு நடக்கிறதா, அர்த்தத்துக்கு நடக்கிறதா என்று பார்க்க நடுவில் தமிழில், "போடா ராஜா" என்றேன். நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆகவே பக்கத்திலேயே நடந்து நோட்டீஸை நாலு தடவை வாசித்தேன். பிறகு பழைய கச்சேரிக் கடிதங்களை ஞாபகத்திலிருந்து சொன்னேன். ரெண்டு மைல், மேட்டுப்பாதை, அட்டைக்கடி. தொண்டை கட்டிப்போய்ப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

நெல்லையப்பன் மேலிருந்து அழாத குறையாக, "அண்ணாச்சி, எனக்கு இங்கிலீஷ்ல மருந்துப் பேரு மட்டும்தான் தெரியும்" என்றான்.

"அதைச் சொல்லும் வே" என்றேன்.

"கொய்னைன் சல்பேட், டிங்க்சர் அயோடின், காஸ்டர் ஆயில்" என்று அவன் தொடங்க, குதிரை கிளம்பிவிட்டது. வளைவு திரும்பி மறைகிற வரை மருந்துப் பெயர் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஆள் வந்து சொன்னான், பிள்ளைகள் ரெண்டும் கண் விழித்துக் கஞ்சி குடித்ததாம். அதைக் கேட்ட பிறகுதான் ஊருக்குக் கிளம்ப மனசு வந்தது.

கிளம்புமுன் நோட்டீஸை நீட்டினேன். தங்கபாய் கையைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு இங்கிலீஷ் வாசிக்க அறியாது. சார் குதிரைக்கில்லியா படிச்சுக் கொடுத்தது, நான் ஒண்ணும் கேக்கல்ல. மலையாளத்தில எழுதிக் கொண்டு வாருங்க" என்றாள். சட்டப்படி அவள் சொல்வதில் தப்பும் இல்லை.

ஆனாலும் தாங்கள் கவலைப்பட வேண்டாம். மலையாளத்தில் நோட்டீஸ் தயார். மகர மாசம் பிறப்பதற்குள் ஒரு குதிரை அங்கே நிற்காது. இது விஷயத்தில் என் மனம் கல். பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். நெல்லையப்பரும் அனந்தபத்மநாபனும் இரண்டு வீட்டையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகநயினார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தங்கள் சகோதரி இதை வாங்கி முழுவதும் வாசித்தாள். "மகரத்துல யாரும் காலி பண்ணப் போறதில்ல. அஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு" என்றாள். யார் கொடுத்தது என்றேன். "நாந்தான். நெலம் எம் பேர்லதான இருக்கு. அந்தத் தொழில்ல இப்ப நானும் ஒரு பங்கு" என்கிறாள். போன செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு என்று போனவள் விதுராவுக்குப் போயிருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை செவலைக் குதிரையில் பொன்முடிக்கு ஏறப் போகிறாளாம். அண்ணாச்சியும் கட்டாயம் வரவேண்டும் என்கிறாள். தங்களைத் தாங்கக்கூடிய குதிரையாகப் பார்த்து ஒதுக்கவேண்டியிருப்பதால், தங்கள் எடை எவ்வளவு என்று மறுதபாலில் தெரிவிக்கக் கோருகிறேன்.