ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர்

‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் உள்ளது’ என்று திரை மறுபடியும் சொன்னது. பெரியக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதை முறைத்தாள்.

"நான் இன்னும் போடவே இல்ல. அதுக்குள்ள எப்படி இருக்கும்?"

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் ஆபீஸ் வேலை மொத்தமும் அவள் தலையில்தான். மெக்கானிக் முதல் வரவேற்பறைப் பெண் வரை எல்லோருக்கும் அவள் பெரியக்கா. கட்டடத்துக்கு ஒரு ஃபோல்டர் போடவேண்டும் என்று புது மென்பொருள் வந்த நாளிலிருந்து அவளுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். காலையில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ரோஜா அடுக்ககத்துக்கு இன்றைக்குள் ஃபோல்டர் போடத் தெரியவில்லை என்றால் நாளையிலிருந்து அவள் கிடங்கில் போல்ட்டு நட்டு பொறுக்கலாம். சின்னப் பிள்ளைகூடப் போடுமாம். சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிடங்கா? அவளா? ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டாள் பெரியக்கா.

தேடினால், ரோஜா அடுக்ககம் என்று ஒரு ஃபோல்டர் இருக்கத்தான் செய்தது. உள்ளே ஒன்றுமில்லை. சனியன் தொலையட்டும் என்று அழித்தாள். தன்னுடையதைப் போடப் போனால், ஏற்கெனவே உள்ளது என்றது திரை. அழித்தது அதே இடத்தில் மறுபடி முளைத்திருந்தது.

மென்பொருள் விற்றவர்களுக்குப் போன் போட்டாள். பெயரைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள் மேடம் என்றார்கள். ‘ரோஜா அடுக்ககம் 2’ என்று அடித்தாள். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. அப்பாடா என்று சாய்வதற்குள் மெக்கானிக் கூப்பிட்டான்.

"பெரியக்கா, என் போன்ல ரோஜா அடுக்ககம் 2-ன்னு வந்திருக்கே, அந்த ரெண்டாவது கட்டடம் எங்க இருக்கு? தெரு முழுக்கத் தேடிட்டேன். முதல் கட்டடத்துல லிஃப்டைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன், மாடியில இருக்கறவங்கல்லாம் என்னைக் கிழிக்கிறாங்க."

அவனைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பிவிட்டு, கோபத்தில் இரண்டு ஃபோல்டரையும் அழித்தாள். அவன் அந்த ஃபோல்டருக்கு அனுப்பிவைத்திருந்த லிஃப்ட் படங்களும் கூடவே போய்விட்டன. திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னபோது அவன் பட்டென்று போனை வைத்தான்.

அதற்குமேல் பெரியக்கா யாரையும் எதையும் கேட்கவில்லை. அது முளைக்க முளைக்க அழித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"நீயா நானான்னு பாத்துடலாம். கிடங்குக்குப் போற ஜென்மம் நான் இல்ல," என்றாள் திரையைப் பார்த்து.

கடைசியில், அழித்த கையோடு பெயரை அடித்துப் பொத்தானைத் தட்டினாள். ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். இந்த முறை வேறெதுவும் முளைக்கவில்லை. யாருகிட்ட!

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தாள். கதவைத் தட்டக் கை ஓங்கியபோது வரவேற்பறைப் பெண் ஓடிவந்து தடுத்தாள்.

"இப்ப போகாதீங்கக்கா, இந்த மென்பொருளே வேணாம், எடுத்துட்டுப் போங்கன்னு போன்ல கத்திட்டு இருக்காரு; எவ்வளவு சுலபம்னு உங்களுக்குக் காட்டறதுக்காகக் காலையிலேருந்து அவரே ரோஜா அடுக்ககத்துக்கு ஃபோல்டர் போட்டாராம், போடப் போட அது தானாவே அழிஞ்சுடுதாம்."