முகூர்த்தப் படத்தில் ஒரு நண்டுச் சிலந்தி

மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு கட்டத்தில் அலுப்புத் தட்டிவிடும். ஒரே தவறுக்காக நாற்பது வருஷமாக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவருகிறேன். அவளும் "பரவால்ல உடு" என்று சொல்லிவருகிறாள். எங்களில் யார் அதிகம் களைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

அறுபதுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டியூட்டர். பூச்சிகளையும் சிலந்திகளையும் மிகக் கிட்டத்தில் படமெடுப்பது என் பைத்தியம். கல்லூரிக் கேமராவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கண்கள். மேல் கண் நாம் பார்க்க, கீழ்க் கண் படம் பிடிக்க. சிலந்தியைப் பெரிதாக எடுக்கக் கீழ்க் கண்ணில் ஒரு குளோசப் லென்ஸை மாட்டி, சரியாக ஒரு சாண் தள்ளி வைத்து அழுத்த வேண்டும். (சாண் என் கையுடையது. அறிவியல் அவ்வளவுதான்.) அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் கஞ்சிபோலக் கலங்கிவிடும்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா, "ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லிப்போடட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

"எதுக்குங்கப்பா? எறும்போட மீசையவே எடுக்கறேன், மாப்பிள்ளையோட மீசைய எடுக்க மாட்டனா?"

அந்தத் திமிரை இப்போது நினைத்தால் எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவிநாசியில் மண்டபம். எங்கள் பக்கத்தில் சீர்ச் சடங்குகளை ஆரம்பித்தால் லேசில் முடியாது. விடிந்ததிலிருந்து நின்று நின்று கால் கடுத்துப்போனது. இருந்த ஒரு ரோல் ஃபிலிமை, பன்னிரண்டு படம், முகூர்த்தத்துக்கென்று காப்பாற்றி வைத்துக்கொண்டு காற்று வாங்கப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு நந்தியாவட்டைச் செடி. வெள்ளைப் பூவில் வெள்ளை நண்டுச் சிலந்தி ஒன்று, தன்னைவிடப் பெரிய தேனீயின் கழுத்தைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்தது.

பட்டுச் சேலையோடு மண்ணில் மண்டியிட்டேன். லென்ஸை மாட்டினேன், சாண் அளந்தேன், இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதற்கு மூச்சைப் பிடித்தபோது சித்தி ஓடிவந்தார்.

"ஏனம்மணி, அங்க தாலி கட்டப் போறாங்க, நீ இங்க செடியக் கும்புட்டுக்கிட்டு இருக்கறே!"

ஓடினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்குப் பின்னால் நின்று, ஃபிளாஷ் பல்பை மாட்டி, மேல் கண்ணில் பார்த்தேன். அக்காவின் குனிந்த தலை, மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு எல்லாம் அத்தனை தெளிவு. மீதிப் பத்துப் படத்தையும் எடுத்து முடித்தேன். குளோசப் லென்ஸ் கீழ்க் கண்ணிலேயே இருந்தது.

மறுவாரம் ஸ்டுடியோக்காரர் கவரைக் கொடுக்கவே தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. பூச்சிப் படம் ரெண்டும் அருமைங்க, கால்ல முடிய எண்ணலாம். மத்ததுதான்... கல்யாணம் சமையக்கட்டுப் புகைக்குள்ளயா நடந்துச்சுங்க?"

ஒன்பது படங்களில் வெறும் வெள்ளைத் திட்டுகள். பத்தாவதில் மட்டும் ஒரு மனித உறுப்பு பிசிறில்லாமல் விழுந்திருந்தது. பெரியப்பாவின் வலது காது. அந்த நேரம் பார்த்துச் சரியாக ஒரு சாண் தூரத்தில் தலையைச் சாய்த்திருக்கிறார். அதிலும் முடியை எண்ணலாம். (அவருக்குப் படம் பிடித்துப்போய் ஒரு காப்பி வாங்கிக்கொண்டார்.)

அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "கல்யாணம் நடந்தது நெசந்தான் கண்ணு. நான் பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அக்கா ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இதுல நான் எதுடி?" என்றாள். ஒரு திட்டைக் காட்டினேன். அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு அழுதாள். அது குத்துவிளக்கு என்று பிறகுதான் எனக்கே உறைத்தது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அவளுடைய ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அவள் கணவர், எங்கள் மாமா, அந்தச் சிலந்தியைத்தான் ஒட்டிவைத்தார். அன்றைக்கு எடுத்ததில் பார்க்கிற மாதிரி இருந்தது அதுதானே. வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பம் வெளியே வந்துவிடும். அக்கா காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். மாமா சிலந்தியின் கொழுத்த வயிற்றில் விரலை வைத்து, "இது எங்க ஊட்டுக்காரிங்க" என்பார். அப்புறம் விரலை மெதுவாகத் தேனீயின் பக்கம் நகர்த்துவார்.

"இது நானுங்க."